பதினேழு வீட்டுக்கும் போதும் என்று எழுதினேன்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

அப்போது பஞ்சு மண்டியில் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிடி இழுத்துப் பார்த்தே முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவேன். அதைக் கேள்விப்பட்ட கோயமுத்தூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர், எங்கள் ஊரிலும் அடுத்த ஊரிலும் தண்ணீர்க் கஷ்டத்தைத் தரம் பிரித்துத் தரச் சொன்னார். வீட்டுக்கு வீடு கேட்டு, போதும், அரைகுறை, போதாது என்று எழுத வேண்டும். கஷ்டம் அதிகமுள்ள ஊருக்குத்தான் கிணறு வெட்டுவார்களாம். ஒரே கிணறு.

நானோ கூச்சக்காரன். பஞ்சிடம் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் என் அக்காவிடம்தான் முதலில் கேட்டேன்.

"போதுமாவா? உம் பொண்டாட்டியக் கூட்டியாந்து ஒரு நா எறைக்கச் சொல்லு, தெரியும்!"

எல்லா வீட்டிலும் இதே சத்தம். போதாது என்று எழுதினேன்.

அடுத்த ஊரில் வாசலில் நின்றதுமே சொம்பு நிறையத் தண்ணீர் வந்தது. "எங்களுக்கென்னுங்க கொறை? போதுமுங்க" என்றார்கள். பதினேழு வீட்டிலும் அப்படித்தான்.

திரும்பும்போது, ஒரு மைல் தள்ளி ஓடை மணலில் அந்த ஊர்ப் பெண்கள் ஊற்றுத் தோண்டித் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். கடைசி வீட்டு அம்மாளும் இருந்தார்.

"ஏனுங்க, போதும்னீங்களே?"

"ஊட்டுக்கு வந்தவிங்ககிட்ட இல்லைன்னா சொல்லுவாங்க? நல்லாக் கேட்டீங்க போங்க!"

மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரார் சொந்தக்காரனிடம் சலித்துக்கொண்டார்கள். இவர்கள் விருந்தாளியிடம் மறைத்தார்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் ஊருக்குக் கிணறு இல்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் வாத்தியாரிடம் போய் ஓடையில் பார்த்ததைச் சொன்னேன்.

"போதும்னா என்னன்னு நாம முடிவே பண்ணலீங்க. மனசக் கேக்காம, ஆளுக்கு எத்தன கொடம், எத்தன தூரம்னு கேக்கலாமுங்க."

"செரி, பக்கத்துல ஒரு கொடம், தூரத்துல ரெண்டு கொடம். எது பெரிய கஷ்டமுங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"சொமக்கறவிங்களத்தான் கேக்கோணுமுங்க" என்றேன்.

இரண்டு ஊர்ப் பெண்களும் தூரம்தான் கொடுமை என்றார்கள். ஆகவே தூரத்தை முதலில் வைத்து, பிறகு குடத்தைப் பார்த்து மறுபடி எழுதினேன். எங்கள் ஊரில் பெரும்பாலும் அரைகுறைதான் வந்தது. அடுத்த ஊர் முழுதும் போதாது. கிணறு அங்கே போயிற்று.

"ஊர்த் தண்ணியத் தூக்கிக் குடுத்துப்போட்டு வந்துட்டான், பெரிய தொரை" என்றாள் அக்கா. அந்த வருட நோம்பி விருந்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அவள் தண்ணீருக்கு நடக்கும் தூரம் சரியாக அரைகுறைக்கும் போதாதுக்கும் நடுவே எல்லைக்கோட்டில் இருந்தது. பத்தடி கூட இருந்தால் கடைசித் தரம். நான் இரண்டு முறை நடந்து அளந்தேன். இரண்டு முறையும் கணக்கு வேறாக வந்தது. அரைகுறை என்று எழுதினேன். தவறோ என்று இன்றும் பயமாகத்தான் இருக்கிறது.

ஈசுவர வருடம், தை மாதம் 12ஆம் நாள்.