காப்பிப் போத்தலில் இரண்டு வெள்ளை மாத்திரைகள்

மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது என் இடது காலில் ஒரு பை கட்டியிருந்தது. புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டதால் குழாய் போட்டு, அதன் மறுமுனையில் மாட்டிவிட்ட பை. கால்சட்டைக்குள் அது இருப்பது தெரியாது. வேட்டிக்குள் தெரியும். பாதி நிறைந்தால் நடக்கும்போது சத்தமும் வரும், தண்ணீர்ப் போத்தலைக் குலுக்குவதுபோல. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் மணமேடை ஏறி, சம்பந்தி வீட்டார் பார்க்க, மகளைத் தாரை வார்க்கும்போது அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. அப்போது என் வாழ்க்கையில் வேறு லட்சியம் எதுவும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே அறுவை சிகிச்சை செய்து குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். நிபந்தனை ஒன்றுதான். இதயத்துக்காக நான் சாப்பிடும் ஆஸ்பிரினை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். அது ரத்தத்தை உறையவிடாத மாத்திரை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே அறுவைக்குப் போனால் ரத்தப்போக்கை நிறுத்துவது சிரமம். மற்ற மாத்திரைகளை, முக்கியமாக ரத்த அழுத்த மாத்திரையை, விடக் கூடாது. இதை டாக்டர் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவையே புரிந்துவிட்ட ஆளின் முகத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போய், மற்றவர்கள் எழுதியதை வெட்டிவிட்டு வீடு திரும்பியவன். வேலை போனாலும் வெட்டுகிற கை போகவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை அட்டைகள் எனக்கு ஆகாது. ஒரு சின்ன மாத்திரைக்கு எவ்வளவு பெரிய அட்டை, அதில் எவ்வளவு தேவையில்லாத எழுத்து! அதனால் மருந்து வந்த அன்றே கத்தரியோடு உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிதுக்கிக் காலி காப்பிப் போத்தல்களில் போட்டுவிடுவேன். ஒன்றில் ‘காலை’, இன்னொன்றில் ‘இரவு’. தலைப்பு ஒரு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது என் கொள்கை.

“அட்டையோட வச்சாதான் எது எதுன்னு தெரியும்” என்றாள் மனைவி. அவளுடைய மாத்திரைகள் பிஸ்கட் டின்னுக்குள் அட்டையும் பையுமாகக் குவிந்து கிடக்கும். எனக்கு அது திருத்தப்படாத செய்திபோல இருக்கும்.

“எனக்குப் பார்த்தாலே தெரியும்” என்றேன்.

காலைப் போத்தலில் இரண்டு வெள்ளை மாத்திரைகள் உண்டு. இரண்டும் உருண்டை, இரண்டும் சிறியவை. ஒன்றின் நடுவில் கோடு இருக்கும், மற்றதில் இருக்காது. கோடு போட்டது ஆஸ்பிரின் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து கோடு போட்டதை மட்டும் ஒதுக்கிவைத்தேன். அந்த வாரம் முழுக்கப் பின்மண்டை கனத்தது. கல்யாண அழைப்பிதழில் அச்சகம் விட்ட ஒற்றுப் பிழைகள்தான் காரணம் என்று நினைத்தேன்.

அறுவைக்கு முந்தின நாள் வார்டில் சேர்ந்தேன். தாதி ரத்த அழுத்தம் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை மாற்றி இன்னொரு தடவை பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மருந்தாளர் வந்தார், என் மகள் வயதுப் பெண்.

“அங்கிள், வீட்டுல சாப்பிடற மருந்தெல்லாம் கொண்டாந்தீங்களா?”

போத்தல்களை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

“இது என்ன அங்கிள், கோப்பித் தூளா?”

“போத்தல்தான் கோப்பி. உள்ள மருந்தும்மா.”

“அட்டை எங்க?”

“வெட்டிப் போட்டுட்டேன். எது வேணாலும் கேளுங்க, சொல்றேன்.”

“நீங்க சொல்லுவீங்க அங்கிள். மாத்திரை சொல்லணும்லா.” போத்தலைச் சாய்த்து இரண்டு வெள்ளைகளையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். “இதுல பிரஷர் மருந்து எது?”

கோடில்லாததைக் காட்டினேன். அவர் போய், மருந்தகத்திலிருந்து இரண்டு அட்டைகளோடு திரும்பினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி, என்னுடையவற்றின் பக்கத்தில் வைத்து, பெயர் தெரியும்படி அட்டையை என் பக்கம் திருப்பினார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். கோடு போட்டது ரத்த அழுத்த மாத்திரை. கோடில்லாதது ஆஸ்பிரின். ஒரு வாரமாக நிறுத்த வேண்டியதைச் சாப்பிட்டு, சாப்பிட வேண்டியதை நிறுத்தியிருக்கிறேன். அன்று காலையும்கூட, நிறைய தண்ணீரோடு.

மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டுவிட்டு, “எசோக் தா போலே லா, பாக்சிக்” என்று மலாயில் சொன்னார். நாளைக்கு முடியாது, பெரியவரே. அழுத்தம் இறங்க வேண்டும், ஆஸ்பிரின் உடம்பை விட்டுப் போக வேண்டும், அப்புறம் காலியான ஒரு நாளும் கிடைக்க வேண்டும். கிடைத்த நாள் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது.

மனைவி கட்டிலோரம் நின்றிருந்தாள். மருந்தாளரிடம் சொன்னாள்: “ஊரு உலகத்துத் தப்பையெல்லாம் புடிச்ச மனுசன்மா. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“நல்லவேளை ஆன்டி, முன்னாலயே புடிச்சோம். கத்தி வச்சப்புறம் தெரிஞ்சிருந்தா அங்கிளுக்கு ஆபத்து.” அந்தப் பெண் அதைச் சிரிக்காமல் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வேட்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய அகலக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு, காலில் பையோடு மண்டபத்துக்குப் போனேன். சத்தம் வராமலிருக்க அடிமேல் அடிவைத்து நடந்தேன். “பொண்ணைப் பெத்தவரு நடையப் பாருங்க, என்னா ஒரு கம்பீரம்” என்று பண்டமாரானிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மணமேடையில் சம்மணமிட முடியாது என்பதால் எனக்கு மட்டும் ஒரு முக்காலி. ஐயர் நிதானமானவர். வீட்டில் காலிசெய்துவிட்டு வந்த பை மெல்லக் கனக்கத் தொடங்கியது. ஐயர் ஏழு தலைமுறைப் பெயர்களையும் கேட்டார். எனக்கு மூன்றுக்கு மேல் தெரியாது. பை இன்னும் கனத்தது. நான் நெளிவதைப் பார்த்துவிட்டு மனைவி காதருகே குனிந்தாள்.

“ஐயர் சொல்றது நீளமா இருக்கில்ல? நீங்கதான் வெட்டறதுல கெட்டிக்காரராச்சே. கொஞ்சம் வெட்டிக் குடுங்களேன்.”

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல்லைக்கூட வெட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.