கைதட்டாத மேசை

மார்லிஸ் ட்வீட்டன் ஓர் இடத்தில் பொருந்தி உட்கார்ந்து நான் கண்டதே இல்லை. டோர்டால் கல்லூரி அரங்கில் ஆட்டக் கடிகாரம் ஓட்டுகிறவன் நான். அவளுக்குப் பக்கத்து நாற்காலி. கடிகாரத்தைப் பார்ப்பேனா, இவள் காலாட்டுவதில் ஆடும் மேசையைப் பிடிப்பேனா? பென்சிலால் தட்டுவாள், ஐஸ் கட்டியைக் கடிப்பாள், இடைவேளை விட்டால் அரங்கையே சுற்றி வருவாள். கொஞ்சம் சும்மா இருந்து தொலை என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

ஆட்டக் கணக்கை எழுதி, கல்லூரி அணிகளைப் பற்றி வெளியுலகத்துக்குச் சொல்வது அவள் வேலை. கேட்க லேசாக இருக்கும். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரியை மினியாபொலிஸ் பெருநகரத்துப் பத்திரிகைக்காரர்கள் சட்டை செய்வார்களா என்ன? தோற்ற ஆட்டத்துக்கும் போன் போட்டு, நச்சரித்து, நாலு வரியாவது வரவைத்துவிட்டுத்தான் கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவாள். பனிப்புயலில் வேன் பள்ளத்தில் இறங்கிய அன்றும், இழுவை வண்டி வருவதற்குள் பக்கத்துப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்தே செய்தி சொன்னவள். நீச்சல் போட்டியில் கடைசியாக வந்த பெண்ணின் பெயரும் அவள் செய்தியில் இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு, அந்த ஊருக்கும் ஒரு பத்திரிகை உண்டு என்பாள். தட்டச்சுப்பொறி போனது, ஃபேக்ஸ் போனது, பயிற்சியாளர்கள் வந்து வந்து போனார்கள். அவள் மட்டும் காலாட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

ஆடுகள ஓரத்தில் கணக்கு எழுதும் எங்கள் மேசைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே உட்கார்ந்தவர்கள் யாருக்கும் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. சொந்த அணி ஜெயித்தாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் கஷ்டமில்லை, என் முகமே அப்படித்தான். கஷ்டம் சோல்வெய்க்கு. சோல்வெய் மார்லிஸின் ஒரே மகள். எங்கள் கல்லூரியிலேயே படித்து, நாலு வருஷமும் கூடைப்பந்து ஆடினாள். பெற்றவள் ஒரு நாளும் கைதட்டவில்லை.

அதோடு போனாலும் பரவாயில்லை. ஒருத்தி பந்தைக் கொடுத்து, வாங்கியவள் நேராகக் கூடையில் போட்டால், கொடுத்தவள் பேரில் ஒரு அசிஸ்ட் ஏறும். நேராகப் போட்டாளா, நடுவில் தானாக ஏதாவது செய்தாளா என்பதை முடிவு செய்வது மேசையில் கணக்கு எழுதுபவர். அதாவது மார்லிஸ். மற்ற பெண்களுக்குச் சந்தேகம் வந்தால் தாராளமாகக் கொடுப்பாள். மகளுக்குச் சந்தேகம் வந்தால் கிடையவே கிடையாது. தன் பெண்ணுக்குச் சாதகம் செய்கிறாள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதாம். அந்த பயத்திலேயே மகள் வயிற்றில் அடித்தாள். இதற்காக மார்லிஸோடு நான் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. எனக்கு இப்போதும் ஆறவில்லை.

அப்படியிருந்தும் கல்லூரி வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட் என்ற சாதனையோடுதான் சோல்வெய் வெளியே போனாள். ஃபார்கோவில் பள்ளி ஆசிரியையானாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள். தாயும் மகளும் சாலையில் பனி எப்படி என்று பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது.

மார்லிஸ் ஓய்வு பெறுகிற வருஷம், பிப்ரவரியில், கடைசி ஆட்டம். எங்கள் அணியில் டெஸா பிராண்ட்வோல்ட் என்ற பெண் சோல்வெயின் சாதனைக்கு ஒன்று குறைவாக நின்றாள். ஒன்று கிடைத்தால் சமம், இரண்டு கிடைத்தால் சாதனை அவளுடையது. இதை எல்லாப் பத்திரிகைக்கும் எழுதிப் போட்டதே மார்லிஸ்தான். சாதனை முறிந்தால் ஆட்டப் பந்தை நினைவுப் பரிசாக டெஸா கையில் கொடுக்க வரும்படி சோல்வெய்க்கும் போன் செய்தாள். அம்மாவாகக் கூப்பிட்டாயா என்று கேட்டேன். கல்லூரி சார்பில் கூப்பிட்டேன் என்றாள். என்னத்தைச் சொல்ல!

சோல்வெய் வந்தாள். பழைய அணி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். முதல் பாதியிலேயே டெஸாவுக்கு ஒன்று கிடைத்துச் சமமானது. இரண்டாம் பாதி முடியும் தறுவாயில், டெஸா மூலையில் நின்றவளுக்குப் பந்தை எறிந்தாள். அவள் வாங்கினாள், நின்றாள், எதிராளியை ஏமாற்றினாள், பந்தைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்து கூடையில் போட்டாள். அது முழுக்க அவள் சொந்த உழைப்பு. ஆனால் அரங்கமே எழுந்து எங்கள் மேசையைப் பார்த்தது.

மார்லிஸ் கொடுத்துவிட்டாள். "அசிஸ்ட், பிராண்ட்வோல்ட்" என்று அறிவிப்பாளரிடம் சொன்னாள். நான் கடிகாரத்தை நிறுத்தினேன். எனக்கு ரத்தம் கொதித்தது. சோல்வெய் இறங்கி வந்து, பந்தைக் கொடுத்து, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். திரும்பிப் போகும்போது எங்கள் மேசைப் பக்கம் பார்க்கவில்லை.

"அது அசிஸ்ட் இல்ல, உனக்கே தெரியும்" என்றேன்.

"நீ கடிகாரத்தப் பாரு, ஆர்டன்."

ஆட்டம் முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் காபியும் எலுமிச்சைக் கேக் துண்டுகளும் வைத்திருந்தார்கள். மார்லிஸ் அந்தப் பக்கமே போகவில்லை. ஆளில்லாத அரங்கில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு என்னைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியைப் போட்டாள். மறுபடி போட்டாள். முடிவுகளை லீக் அலுவலகத்துக்கு அனுப்பும் வரை மேசைக்குத் திருத்தும் உரிமை உண்டு. அவள் இன்னும் அனுப்பவில்லை.

விளையாட்டுத் துறைத் தலைவர் குர்ட் வந்தார். திரையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"விட்டுடுங்க மார்லிஸ். பந்தக் குடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு. இப்ப மாத்தினா, பெத்த பொண்ணுக்காக மாத்தினீங்கன்னுதான் ஊரு பேசும். போற நேரத்துல இந்தக் கெட்ட பேரு உங்களுக்கு எதுக்கு?"

காலம் பூராவும் அவள் நடுங்கியது இந்த ஒரு பேச்சுக்குத்தான். அவள் கால் ஆடுவது நின்றது. எனக்கே பயமாகிவிட்டது.

"பேசட்டும்" என்று சொல்லி, அசிஸ்டை அழித்து அனுப்பிவிட்டாள்.

அதோடு விடவில்லை. நேரே கூடத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் டெஸாவிடம், தான் தப்பாகக் கொடுத்துவிட்டதாகவும், அவளும் சோல்வெயும் இப்போது சமம் என்றும் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது, கண் கலங்கிவிட்டது. பாவம், அவள் என்ன செய்தாள்? அவளுடைய அப்பா, உங்கள் பெண்ணின் பெயரைக் காப்பாற்றிவிட்டீர்கள், சந்தோஷமா என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

சோல்வெய் கிளம்புகிறவளாகக் கோட்டு போட்டு, கார் சாவியோடு கதவருகில் நின்றிருந்தாள். மார்லிஸ் அவளிடம் போனாள். நானும் வெட்கமில்லாமல் பின்னாலேயே போனேன்.

"எதுக்கும்மா இது? அந்தப் பொண்ணு அழறா. ஒரு நம்பர்தான, போனா போகட்டும்னு நான் மனச தேத்திக்கிட்டேன். விதிப்படி இல்லன்னு உனக்குத் தூக்கம் வராது, அதானே?"

ஆமாம் என்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அங்கேயே அவளை உலுக்கியிருப்பேன்.

"விதிக்காக இல்ல" என்றாள் மார்லிஸ். "உனக்காகத்தான் மாத்தினேன். உங்கிட்டேர்ந்து நான் எடுத்ததெல்லாம் போதும். இதயும் எடுக்க எனக்கு மனசு வரல."

சோல்வெய் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"காபி மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.