வேகாத கல்லின் நிறம்

மேலப்பாளையம் ஹபீப் முகம்மதுவுக்குத் தன் கண்ணின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ரொட்டி அடுப்பு கட்டுவது அவர் தொழில். திருநெல்வேலியிலிருந்து மேற்கே மலையடிவாரம் வரைக்கும், விறகு எரிக்கிற பேக்கரி அடுப்புகளில் பாதிக்குப் பாதி அவர் கட்டியவை. அடுப்பின் உள்பக்கம் முழுக்க நெருப்பைத் தாங்கும் செங்கல்தான் வைக்க வேண்டும். கடைக்காரர்கள் பயர் பிரிக் என்பார்கள். அவருக்கு அது வெறும் கல். விருத்தாசலம் பக்கத்துச் சூளையிலிருந்து லாரியில் வரும். ஒரே மண், ஒரே சூளை என்றாலும் நடுவில் அடுக்கியது நன்றாக வெந்திருக்கும், ஓரத்தில் அடுக்கியது அரைவேக்காடாக நிற்கும். எல்லாம் கலந்துதான் வந்து இறங்கும். பிரித்தெடுப்பது கொத்தனார் பாடு.

ஹபீப் முகம்மது பிரிப்பதைப் பார்க்கவே நாலு பேர் கூடுவார்கள். எடுப்பார், வெயிலில் ஒரு திருப்புத் திருப்புவார், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போடுவார். என்ன கணக்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வேலை அரை மணி நேரம் நின்றுபோகும்.

"சாதாச் செங்கல் ஏன் செவப்பா இருக்கு? மண்ணுல இரும்பு கெடக்கு வே. துரு என்ன நெறமோ அதே நெறம். இந்தக் களிமண்ணுல இரும்பு கம்மி, அதான் வெளுப்பு. இருக்க கொஞ்ச இரும்பும் சூடு பத்தலைன்னா ரோஸ் கலர்ல பல்லக் காட்டும். நல்லா வெந்துட்டுன்னா கல்லுக்குள்ளேயே அடங்கிப்போயி வைக்கோல் நெறம் வந்துரும். அங்கங்க பழுப்புப் புள்ளி கெடந்தா அழுக்குன்னு நெனைக்கப்பிடாது. இரும்புத் துணுக்கு உருகுன தடம் அது. வெந்ததுக்கு அதுதான் சாட்சி."

ஆரம்ப காலத்தில் நிறம் பார்த்ததோடு விடமாட்டார். ஒவ்வொரு கல்லையும் கொத்துக் கரண்டியின் பிடியால் தட்டிக் கேட்பார். வெந்தது கணீரென்று சொல்லும், வேகாதது தொப்பென்று முனகும். போகப் போக அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். "எனக்குப் பாத்தாலே போதும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியமாகிப்போனது. கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

இந்த வருசம் அக்டோபரில் பாளையங்கோட்டை ஜெமிமாவின் பேக்கரியில் வேலை வந்தது. அவள் அப்பா காலத்து அடுப்பின் மேல்வளைவு இறங்கி உட்கார்ந்துவிட்டது. பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு கேக் மாவு கலக்கித் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டோடு பேக்கரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வெந்ததும் வாங்கிப் போவார்கள். ஜெமிமாவிடம் மட்டும் எழுபது வீடுகள் வரும். அதற்குள் புது அடுப்பு தயாராக வேண்டும். ஹபீப் முகம்மது நவம்பர் பாதியிலேயே கட்டி முடித்துக் கொடுத்துவிட்டார். ஈரம் பைய இறங்கட்டும், மூன்று வாரம் தீ வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டார். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மனைவி ஆபிதா பீவி மூன்று வருசமாக நச்சரித்ததன் பலன் அது.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் காலை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தார். ஜெமிமா வேலையில் தேறிய கல்லில் மிச்சம் ஒரு அடுக்கு சுவரோரம் இருந்தது. எல்லாம் அவரே பார்த்துப் பொறுக்கி வைத்தது.

அந்த அடுக்கில் மூன்றில் ஒரு கல் ரோஸாக இருந்தது.

முதலில் அவருக்குச் சந்தேகம் புதுக் கண்ணின் மேல்தான் வந்தது. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். எல்லாக் கல்லும் அழகான வைக்கோல் நிறம். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். மறுபடியும் ரோஸ். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆபிதா பீவி திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, எதுக்கு மாத்தி மாத்திக் கண்ண மூடிக்கிட்டு நிக்கிய?"

"இந்தா, இந்தக் கல்லு என்ன நெறம் சொல்லு."

"ரோஸு."

"இது?"

"அது வெளுத்த மஞ்சள். இது என்ன கேள்வி? வந்து எறங்குன நாள்லேருந்து அப்படித்தான கெடக்கு."

"சொல்லப்பிடாதாட்டி?"

"நீங்க பொறுக்கி வச்ச கல்லுல நா என்னத்தச் சொல்ல? சொன்னாத்தான் கேட்டிருவியளா?"

அவர் ஒரு ரோஸ் கல்லை எடுத்துக் கரண்டிப் பிடியால் தட்டினார். தொப்பென்றது.

புரை பைய வந்து இரண்டு கண்ணுக்குள்ளும் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. அந்த மஞ்சள் வழியாகப் பார்த்ததால் வேகாததும் வெந்த மாதிரியே தெரிந்திருக்கிறது. வேகாத கல் நாளாக நாளாகப் பொரிந்து தூளாக உதிரும். தீக்கு நேர் மேலே வளைவில் இருந்தால் சீக்கிரமே உதிரும். ஜெமிமாவின் வளைவில் எத்தனை இருக்கிறதோ. வெளியே பூச்சுப் பூசியாகிவிட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு வருசம் கழித்து உதிர்ந்தால் சூளைக்காரன் தலையில் போட்டுவிடலாம், விறகு சரியில்லை என்றும் சொல்லலாம். சொன்னால் நம்புவார்கள், சொல்வது ஹபீப் முகம்மது அல்லவா. உண்மையைச் சொன்னாலோ, கண் போன கொத்தனார் என்ற பெயரோடு மிச்ச காலத்தைத் தள்ள வேண்டும்.

மறுநாள் ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போனார். அடுப்பு வாயில் டார்ச்சை அடித்து, வலது கண்ணால் உள்ளே பார்த்தார். தீ எரியும் பக்கத்து வளைவில் மட்டும் பதினாலு ரோஸ் கற்கள். எண்ணி முடித்து ஜெமிமாவிடம் ஒளிக்காமல் சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னார், தட்டிப் பார்க்காததையும் சொன்னார்.

ஜெமிமா டார்ச்சை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தாள். கோபக்காரி என்று பேர் வாங்கியவள். ஆனால் அன்று கத்தவில்லை.

"இந்தக் கண்ணு எத்தன வருசமா இப்படி இருக்கு, பாய்?"

"மூணு வருசம் இருக்கும்மா."

"மூணு வருசத்துல வேற எங்கெல்லாம் கட்டுனிய?"

ஒரு நாள் முழுக்கத் தன் பெயரைப் பற்றியே யோசித்தவருக்கு இந்தக் கேள்வி மட்டும் தோன்றவே இல்லை. களக்காட்டில் ஒன்று, வீரவநல்லூரில் ஒன்று, போன வருசம் கல்லிடைக்குறிச்சியில் ஒன்று என்று விரல்விட்டுச் சொன்னார்.

"வளைவப் பிரிச்சு ஒங்களுக்குக் கட்டிக் கொடுத்துட்டு அங்கன போறேம்மா. கிறிஸ்மஸ் வருதுல்லா."

"என் அடுப்புல இன்னும் தீயே வைக்கல. இதுல சுட்டத யாரும் திங்கப் போறதில்ல. அங்கன தெனமும் ரொட்டி போடுதாங்க. மொதல்ல அதப் போயிப் பாருங்க. எழுவது வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன், இந்த வருசம் வேற எங்கயாவது கொடுங்கன்னு." அப்பா காலத்திலிருந்து ஒரு டிசம்பர்கூட அந்த அடுப்பு சும்மா இருந்ததில்லை.

அன்றே பஸ் ஏறி முதலில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனார். பேக்கரி முதலாளி சிவசைலம் அவரைக் கண்டதும் காபி சொன்னார். அடுப்பு எப்படி இருக்கிறது என்று ஹபீப் முகம்மது கேட்டார்.

"அடுப்புக்கு என்ன, பாய்? ஒங்க கைவேலையில்லா. நடுவுல ரொட்டியில மண்ணு கடிக்குதுன்னு ஒரே புகாரு. மாவு சலிக்கத்துக்கு ஒரு பொம்பள இருந்தா, பாக்கியவதின்னு. ஒழுங்காச் சலிக்கல போல. ரெண்டு மாசத்துக்கு முந்தி நிப்பாட்டிட்டேன். இப்பவும் அங்கங்க கடிக்கத்தான் செய்யுது. புதுசா வந்தவளும் சரியில்ல."

ஹபீப் முகம்மது காபியைத் தொடவில்லை. அடுப்படிக்குப் போய், தீ அணைந்து ஆறிக்கிடந்த அடுப்புக்குள் டார்ச் அடித்தார். வளைவில் நாலைந்து இடத்தில் கல் பொரிந்து குழியாகியிருந்தது. அடித்தளத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய தூள் நறநறத்தது. சிவசைலத்தைக் கூப்பிட்டு விரலைக் காட்டினார், நடந்ததைச் சொன்னார். சிவசைலம் கேட்டுவிட்டு, "சரி, ஆனது ஆச்சு, கல்ல மாத்திருவோம்" என்றார். அவருக்கு விசயம் அதோடு முடிந்துவிட்டது.

"அந்தப் பொம்பள வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டார் ஹபீப் முகம்மது.

ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு ஓட்டு வீடு. பாக்கியவதி வாசலில் உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். யாரோ பாய் வந்து நிற்கிறாரே என்று எழுந்திருக்கப் போனாள். அவர் வேண்டாமென்று கைகாட்டிவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"நான்தாம்மா அந்த அடுப்பக் கட்டுனவன். ரொட்டியில கடிச்ச மண்ணு மாவுல இருந்து வரல. நான் வச்ச கல்லு வேகாத கல்லு, அது உதுந்திருக்கு. என் கண்ணுல கோளாறு. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

பாக்கியவதி அப்பளக் குழவியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தடவ சலிச்சேன், பாய். புகாரு வந்த பொறவு மூணு தடவ சலிச்சேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஆனாலும் கடிக்குதுன்னு சொல்லுதாங்க. எனக்குத்தான் கண்ணு போயிட்டுன்னு நெனச்சு, வேற எந்தக் கடைக்கும் மாவு சலிக்கப் போகாமலே இருந்துட்டேன்."

ஹபீப் முகம்மதுவுக்குப் புதுக் கண்ணிலும் பழைய கண்ணிலும் தண்ணீர் வந்தது. டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"ஒங்க கண்ணு நல்ல கண்ணும்மா" என்றார். "எந்திரிங்க. நான் சிவசைலத்துக்கிட்ட மறுபடியும் சொல்லுதேன், இந்தத் தடவ ஒங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டு."