கையை நீட்டு

“கையை நீட்டு” என்று மிஸி சொன்னதும் ரோத்தான் பிரம்படி விழப்போகிறது என்றுதான் நம்பினேன். மேருவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும், தலை நரைத்த ஆள் நான்; பள்ளிக்கூடப் பையனைப்போலக் கண்ணை இறுக மூடி இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினேன். அடி விழவில்லை. “குப்புறத் திருப்புடா, நான் என்ன ரேகையா பாக்குறேன்?” என்றார். விரல்களை விரித்தேன். அவை தாமாகவே தந்தியடித்தன.

நான் கிடந்த இடம் கிள்ளானில் ஒரு வரிசை வீடு. போதையில் பிடிபட்டவர்களை லாக்கப்பில் தள்ளாமல் அங்கே படுக்க வைத்து, தெளியும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள். மிஸி, அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சிரித்து நான் கண்டதில்லை. ஜன்னலில் கம்பி இருந்ததால் ஜெயில்தான் என்று முடிவுகட்டி, தப்பிக்க ஆள் நுழையும் இடைவெளி தேடினேன். கிள்ளானில் கம்பி போடாத வீடு ஏது, என் வீட்டிலேயே உண்டே என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றில் நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், குடித்துவிட்டு நாற்காலியை உடைத்துப் போலீஸ் பாலாயில் போய் நின்றோம். சார்ஜன்ட் மிஸிக்குப் போன் போட்டார். அங்கே ஒரு கட்டில்தான் காலி. நான் அழுதேன், பாடினேன், கடைசியில் கவுண்டரிலேயே வாந்தியெடுத்தேன். மச்சானோ சட்டையை உள்ளே விட்டு விறைப்பாக நின்று, “நான் ஓகே, பாஸ்” என்றார். விடிந்ததுமே ஊற்றிக்கொள்கிறவர், எவ்வளவு குடித்தாலும் கால் தடுமாறாது.

“இவன் ஸ்டெடி, ராத்திரி லாக்கப்ல கெடக்கட்டும். அந்த நாத்தம் புடிச்சவன வேன்ல ஏத்து” என்றார் சார்ஜன்ட்.

மச்சான் கண்ணடித்தார். “காலையில நான் வீட்டுல தோசை திம்பேன் லா. நீ போயி கிழவிகிட்ட ஊசி வாங்கு.” எனக்கு வயிறெரிந்தது.

விரல்களைப் பார்த்து முடித்த மிஸி, “தினமும் குடிப்பியா?” என்றார்.

“சனிக்கிழமை மட்டுந்தான் மிஸி. மச்சான்தான் தினமும், காலையிலேருந்தே. ஆனா அவர் ஸ்டெடி. லாக்கப்ல சொகமா இருக்காரு.”

மிஸியின் முகம் மாறியது. “முட்டாள். உன்னைவிட அவனுக்குத்தான்டா கட்டில் வேணும். தினம் ஊத்துன ஒடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்து கைகால் இழுக்கும். பக்கத்துல ஆள் வேணும், மருந்து வேணும்.” பாலாய்க்குப் போன் போட்டார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது: “காலையிலேருந்து நடுங்குறான் மிஸி. வெளிய விடணும்னு நடிக்கிறான்.”

“நடிப்பா? ஆம்புலன்ஸ கூப்பிடுய்யா!” என்று கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார். நான் நீட்டிய கையை மடக்க மறந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாவு வீட்டில் ஒருவர், குடிகாரனை உள்ளே போட்டது சரிதானே என்றார். நான் கோமாளி என்று பெயரெடுத்தவன். அன்றைக்கு எனக்கு ஜோக் வரவில்லை. “குடிகாரனுக்குக் கட்டில் ஒரு கேடா?” என்று கேட்கிற எவனோடும் இன்றுவரை ஒரே மேசையில் தே தாரிக் குடிப்பதில்லை.

நான் இப்போது குடிப்பதில்லை. காலையில் எழுந்ததும் கையைக் குப்புற நீட்டி விரல்களை விரித்துப் பார்க்கிறேன். நடுங்குவதில்லை. மச்சான் அன்று மத்தியானம், மிஸியின் வேன் போய்ச் சேருவதற்குள், லாக்கப் தரையில் வலிப்பு வந்து செத்துப்போனார்.