மூன்று வெள்ளைத் தாள்கள்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடு என்று நம் பாஸ்டர் ஐயா ஆறு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். ஒரு காகிதத்தில் என் பெயரை எழுதுவதற்கே இப்போதும் பயப்படுகிறவள் நான். ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

என் பெயர் ஹெப்சிபா. வீடு செம்பாக்கம். தாம்பரம் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் இளநிலை உதவியாளர். எந்தத் துறை என்று எழுதவில்லை. 2007-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மேஜைக்கு ஒட்டின கவர் ஒன்று வந்தது. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார்கள். பிரித்தால், குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஆபீசில் அதைப் பதினேழு பி என்போம். வேலையே பறிபோகக்கூடிய குற்றத்துக்குத்தான் அது வரும்.

ஏரிக்கரை ஓரமாக இருக்கிற ஒரு சர்க்கார் இடத்தைப் பற்றிய கோப்பு காணாமல் போயிருக்கிறதாம். அதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டேனாம். அதை நானே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் ஆபீசில் இருக்கிறதாம். பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பை நான் தொட்டதே இல்லை. கடிதம் எதுவும் நான் கொடுக்கவும் இல்லை. ஏதோ ஆள் மாறாட்டம் என்று நினைத்து எழுந்து சூப்பிரண்டு சாரிடம் போனேன்.

அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார். மேஜையின் கீழ் டிராயரில் சாவியை வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"கையெழுத்து உன்னுதுதானேம்மா? அப்புறம் என்ன கொழப்பம்?"

அந்தச் சாவியைப் பார்த்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த டிராயரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அதைச் சொல்ல வேண்டுமானால் 1999-க்குப் போக வேண்டும். அப்பா இதே ஆபீசில் டிரைவர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் நாள் அன்றைக்கு இருந்த சூப்பிரண்டு மூன்று வெள்ளைத் தாள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கீழே கையெழுத்து மட்டும் போடு என்றார். "திடீர்னு வர முடியலன்னா இதுல லீவு லெட்டர் எழுதி வச்சுடுவோம். உன் நல்லதுக்குத்தான்" என்றார். எல்லாரும் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். தே. ஹெப்சிபா, தே. ஹெப்சிபா, தே. ஹெப்சிபா. அப்பா பெயர் தேவசகாயம். அவர் வேலையில் அவர் இனிஷியலோடு கையெழுத்துப் போடுகிறோம் என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. சூப்பிரண்டுகள் மாறினார்கள். டிராயர் சாவியோடு எங்கள் தாள்களும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருந்தன. எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் வீட்டில் பிடிவாதம் பிடித்ததால் இனிஷியலை அவர் பெயருக்கு மாற்றினேன். "அப்பா பேரைத் தூக்கிப் போட்டுட்டியே" என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தத் தாள்களை நான் சுத்தமாக மறந்தே போனேன்.

இப்போது இந்த சூப்பிரண்டு சொன்னார்: "இன்னிக்கே பதில் எழுதணும்னு இல்லம்மா. நிதானமா யோசி. மன்னிப்புக் கேட்டு ஒண்ணு எழுதிக் குடுத்தா இன்கிரிமென்ட் கட்டோட போயிடும். எதிர்த்து எழுதினா போலீஸ், கோர்ட்டுன்னு இழுத்துரும். நீ பொம்பளப் புள்ள வச்சிருக்கே."

கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

என் கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை. அதை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தோல் பதனிடும் மருந்து வாடையிலேயே இருந்து அவருக்கு மூச்சிரைப்பு வேறு. அம்மா எங்களோடுதான். மகள் எல்.கே.ஜி. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? கடிதம் பொய். ஆனால் கையெழுத்து என்னுடையது. தெரிந்தே போட்ட கையெழுத்தை இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆபீசில் விஷயம் பரவியது. மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு மேஜைக்குப் போனார்கள். ஊறுகாய் கேட்பதற்குக் கூட யாரும் வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, நான் வேலையில் இருக்கும்போது, பைக்கில் ஒருவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். "ஹெப்சிபா மேடம் வீடு இதானே?" என்று கேட்டிருக்கிறான். அம்மா ஆமாம் என்று சொல்லி, வெயிலில் வந்தவன் என்று தண்ணீர் வேறு கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு, "ஒண்ணுமில்ல பாட்டி, சும்மா வூடு பாத்துக்கினு போலாம்னு வந்தேன்" என்று போய்விட்டான். மறுநாள் மகளின் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே அதே பைக் நின்றதாக என் கணவர் சொன்னார். அன்றிலிருந்து என் குழந்தையை வாசலில் விளையாட விடவில்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் பின்னால் யார் ஏறுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை உபவாசத்தில் உங்களில் பலர் பக்கத்தில்தான் முழங்காலில் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரே, அந்தக் கோப்பு கிடைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எந்த அலமாரி இடுக்கிலாவது விழுந்து கிடக்கட்டும், நாளைக்கு யாராவது தூசி தட்டி எடுத்து வரட்டும் என்று கேட்டேன். அலமாரியை எல்லாம் ஆண்டவருக்கே நம்பர் போட்டுச் சொன்னேன். கோப்பு வரவில்லை. பதில் கொடுக்க இரண்டே நாள் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்கு ஜெபமே வரவில்லை. "என்னால முடியல. ஒரு வழி காட்டுங்க" என்றேன். வேறு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை போய் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை சூப்பிரண்டு சீட்டில் இல்லை. திடீரென்று மீட்டிங்குக்குக் கூப்பிட்டதால் செங்கல்பட்டு போயிருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை அவரே டைப் அடிக்க வைத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பக்கத்துப் பிரிவிலிருந்து மணிமாறன் வந்தார். ஊழியர் சங்கத்தில் இருக்கிறவர். என்னைவிட இரண்டு வயசு சின்னவர். பல்லாவரத்துக்காரர். வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்று சொல்கிறவரோடு நமக்கென்ன பேச்சு என்று எட்டு வருஷமாக நான் ஒதுங்கியே இருந்தேன். சங்கத்தில் சேரச் சொல்லி அவர் கொண்டுவந்த பாரத்தை மூன்று தடவை திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது? நான் ஜெராக்ஸ் எடுக்க வந்தேன், உன்னப் பாத்தா பயமா கீது."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத் தாள் வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த லெட்டரை நீ பாத்தியாக்கா?"

"பாக்க என்ன இருக்கு? என் கையெழுத்துதான்."

"பாத்தியா, பாக்கலயா?"

"பாக்கல."

"உன்னைக் குத்தவாளின்னு சொல்ற காயிதத்தை நீயே பாக்கலயா? பதில் எழுதறதுக்கு முன்னாடி அத்த பாக்கணும்னு கேக்கறது உன் உரிமைக்கா. அசலையே காட்டணும். காட்டற வரைக்கும் பதிலுக்கு டைம் குடுங்கன்னும் எழுதலாம். வாயால கேக்காத. எழுதிக் குடு. சீல் போட்ட நகலைக் கையில வச்சுக்கோ. உன் சாமி கிட்ட ஒரு மனு போட்டியே, இங்க ஒண்ணு போட மாட்டியா?"

இரண்டு வாரமாக ஆண்டவரிடம் என்னென்னவோ கேட்டேன். அந்தக் காகிதத்தை எனக்குக் காட்டுங்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் மேல்தான். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போதுதான் கவனித்தேன், வெள்ளைத் தாளில் மேலே எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்கினேன்.

மறுநாள் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார். அப்போதும் கோபப்படவில்லை. "எழுத்துல குடுத்துட்டே. இனிமே என் கையில எதுவும் இல்லம்மா. உன்னை வூடு தேடி வரவங்க என்னைக் கேட்டுட்டா வராங்க?" என்றார். பைக்கில் ஒருவன் வந்ததை நான் ஆபீசில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டேதான் பேசினேன்.

வியாழக்கிழமை ஆபீசர் அறையில் என் குற்றச்சாட்டுக் கோப்பை என் முன்னால் வைத்தார்கள். மணிமாறன் வெளியே வராந்தாவில் நின்றார். கடிதம் இருந்த பக்கத்தைத் திருப்பினேன். மேலே டைப் அடித்த வரிகள். 2007 ஜூன் மாசத்துத் தேதி. கீழே என் கையெழுத்து, மசி கொஞ்சம் வெளுத்து.

தே. ஹெப்சிபா.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2003-இல் இருந்து நான் சா. ஹெப்சிபா. நாலு வருஷமாக அந்த "தே" என் கையிலிருந்து வந்ததே இல்லை. கோப்புகளில் தினமும் நான் போடுவது சின்னக் கிறுக்கல்தான். முழுக் கையெழுத்து மாறினது இந்த சூப்பிரண்டுக்குத் தெரியாது. டிராயரில் அவருக்குக் கிடைத்த தாள் என் அப்பா பெயரில் போட்டது. "ஆண்டவரே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். என்ன ஆச்சு என்று ஆபீசர் எழுந்தார்.

என் பணிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். நம் பிறப்பு, சம்பளம், லீவு எல்லாம் இருக்கிற புத்தகம் அது. வருஷா வருஷம் அதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடலாம் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அதில் இனிஷியல் மாறின பதிவு இருந்தது. தேதி இருந்தது. புதுக் கையெழுத்தின் மாதிரியும், அதன் மேல் அன்றைய ஆபீசரின் முத்திரையும் இருந்தன.

விசாரணைக்கு வேறு ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எனக்கு உதவியாக மணிமாறன் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவும் விதியில் இருக்கிறதாம். "இவங்க உங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாங்களா?" என்று அதிகாரி சூப்பிரண்டைக் கேட்டார். ஆமாம், ஜூன் மாசம் என்றார் அவர். பதிவேட்டின் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் தண்ணீர் கேட்டார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் என் மேல் இருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டு உத்தரவு வந்தது. அவர் மேல் நடவடிக்கை எடுத்து வேறு ஊருக்கு மாற்றினார்கள். சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். ஆண்டவரிடம் அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவருக்காக இப்போதும் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

உத்தரவை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவர் பேரைத் தூக்கிப் போட்டுட்டேன்னு உன்னைத் திட்டினேனேடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவை நோகடித்த அந்தக் காரியத்தைக் கொண்டே ஆண்டவர் என்னை மீட்டார். நான் கேட்ட கோப்பு கிடைக்கவில்லை. இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை. மணிமாறனிடம், "உன்னை அனுப்பினது ஆண்டவர்தான்" என்றேன். "யாரும் அனுப்பலக்கா, ஜெராக்ஸ் எடுக்க வந்தேன். என்னை இதுல சேத்துக்காத" என்றார். சேர்த்துவிட்டேன். அவர் நாலாவது தடவை கொண்டுவந்த பாரத்தில் கையெழுத்தும் போட்டேன், ஒரு வரி விடாமல் படித்த பிறகு.

இப்போது எங்கள் ஆபீசில் யாருக்காவது மெமோ வந்தால் என்னிடம் வருகிறார்கள். அவர்களோடு ஜெபிக்கிறேன். ஆமென் சொன்னதும், "காகிதத்தைப் பாத்தியா?" என்று கேட்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் சர்க்கார் வேலையில் இருக்கிறவர்கள் நிறைய. ஆண்டவரை நம்புங்கள். அவர் வழி காட்டுவார், நமக்குப் பிடிக்காத ஆளைக் கொண்டாவது காட்டுவார். ஆனால் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் உங்கள் பணிப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், வெட்கப்படாமல் போய்த் திருப்பிக் கேளுங்கள்.

நான் கேட்டேன். புது சூப்பிரண்டு வந்ததும் எல்லார் முன்னாலும் அந்த டிராயரைத் திறந்தார். ஒரு கட்டுத் தாள். அவரவர் தாளை அவரவர் எடுத்துக் கிழித்தார்கள். என் பெயரில் ஒன்று இருந்தது. நானும் கிழித்தேன். விசாரணைக் கோப்பில் ஒன்று இருக்கிறது.

நான் கொடுத்தது மூன்று. ஏரிக்கரை இடத்தைச் சுற்றி இப்போது காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறது. அந்தச் சுவர் வரும்போதெல்லாம் மூன்றாவது தாள் யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன். அதில் இன்னும் யாரும் எதுவும் எழுதாமல் இருக்க எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.