ஒபிரி பேசுவதற்கு விட்ட இடம்

சுவாமே வட்டாரத்தின் வண்டிப் பட்டறைகளுக்கு நடுவே பழைய போல்ட்டு, நட்டு விற்கும், எல்லாரும் மாமே, அதாவது அம்மா, என்று கூப்பிடும் சேவாவைக் குமாசி நகரில் முகத்தால் அறிந்தவர்கள் குறைவு. குரலால் அறிந்தவர்கள்தான் அதிகம். பதினெட்டு வருடம், தினமும் காலையில் ஒபிரியின் வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, "சுவாமேலேர்ந்து சேவா பேசறேன்" என்று தொடங்குவார். வறண்ட குழாயிலிருந்து நாடாளுமன்றம் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது.

ஒபிரி வானொலியை விட்டு விலகினார். மாமேயின் காலைகளில் பேச்சு நின்றது. ஒபிரி இப்போது பாட்காஸ்ட் நடத்துகிறார் என்று தேடிப்பிடித்து மாமேயின் போனில் போட்டுக்கொடுத்தது நான். அதே வளாகத்தில் குடியிருப்பவன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி.

சத்தம் கூடட்டுமென்று மாமே போனைக் காலி நட்டு டப்பாவுக்குள் நிறுத்தி வைத்தார். தகரத்துக்குள்ளிருந்து ஒபிரி கேட்டார்: "சுவாமே சேவா எங்க போனாங்க? உசுரோட இருக்காங்களா?"

மாமே போனை எடுத்து, மனப்பாடமான பழைய வானொலி எண்ணை அழுத்தினார். ஒபிரியின் குரல் அடங்கியது.

"பாரு, பேச்ச நிறுத்திட்டாரு. எடுக்கப்போறாரு."

யாரும் எடுக்கவில்லை.

"மாமே, இது மூணு வாரம் முன்னாடி பேசி வெச்சது. இப்ப அங்க யாரும் இல்ல."

"ஆளில்லாம குரல் வருமா? இதத்தான் காலேஜ்ல படிச்சியா, டிகிரி?" பிறகு முகம் மாறியது. "அப்போ மூணு வாரமா அந்த மனுஷன் நான் போய்ட்டேன்னு நெனச்சிட்டிருக்காரா? ஏதாவது பண்ணுடா."

குரல் பதிவு அனுப்ப ஒபிரி ஓர் எண் கொடுத்திருந்தார். மாமே போனை வாயருகே பிடித்தார்.

"ஒபிரி ஐயா, காலை வணக்கம்." நிறுத்திக் காத்திருந்தார். "கேக்கறவங்க எல்லாருக்கும் வணக்கம். பொத்தான் அமுக்கற தம்பிக்கும் வணக்கம்." மறுபடி காத்திருந்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன். முட்டி மட்டும் எதிர்க்கட்சி." யாரோ ஏதோ சொன்னதுபோல் மெல்லச் சிரித்தார்.

"நடுவுல சும்மா இருக்கறத வெட்டிடவா, மாமே?"

"அது அவரு பேசற எடம். அவரு வாய நீ ஏன் பொத்தற?"

அப்படியே அனுப்பினேன். நாற்பது வேலை விண்ணப்பம் அனுப்பியவன் நான். எதிலாவது மறுபக்கம் இருப்பவருக்கு இப்படி இடம் விட்டிருக்கிறேனா என்று யோசித்தேன்.

அடுத்த வியாழன், தூறலில், டப்பாவுக்குள்ளிருந்து மாமேயின் குரலே வந்தது. "ஒபிரி ஐயா, காலை வணக்கம்."

மௌனம் வரவேண்டிய இடத்தில், "வணக்கம் சேவா. லைன்லயே இருங்க" என்றார் ஒபிரி.

மாமேயின் விரல்களில் ஒரு போல்ட்டு அசையாமல் நின்றது. மாமே விட்ட இடத்திலெல்லாம் ஒபிரி வந்தார். முட்டியைப் பற்றிச் சொன்னதும், "அந்த எதிர்க்கட்சிக்கு எண்ணெய் தடவறீங்களா?" என்று கேட்டார். டப்பாவுக்குள் மாமே சிரித்தார். வெளியிலும் சிரித்தார். எது எந்தச் சிரிப்பென்று எனக்குத் தெரியவில்லை.

"தடவறேன், தடவறேன்" என்றார் டப்பாவிடம்.