காப்பியை விட்ட தவக்காலம்

லொட்டி அத்தையைக் காப்பி இல்லாமல் நினைத்துப் பார்க்க எனக்கு வருவதில்லை. விஸ்கான்சினில், உருளைக்கிழங்கு வயல்களை ஒட்டிய எங்கள் போலந்துக்காரர் ஊரில் எனக்கு எதிர்வீடு அவள். ஃப்ளோரியன் மாமா காலமான பிறகு தனியாகத்தான் இருந்தாள். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையை முதல் வாய்க் காப்பியோடு விழுங்குவாள். பல வருடப் பழக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் எல்லோரும் பிடித்தது எதையாவது விடுவோம். அத்தை விடுவது சாக்லேட். சீட்டாட வந்த பெர்னீஸ் அந்த வருடம் சும்மா இருக்கவில்லை.

"உனக்கு சாக்லேட்டே புடிக்காது லொட்டி. அதுவும் ஒரு தவமா?"

"சரிடி, காப்பிய விடுறேன். போதுமா?"

எழுபத்தொன்பது வயதில் நிஜமாகவே விட்டாள். சில வாரங்களில் ஆள் இளைத்தாள், தூக்கம் போனது. தவக்கால வெள்ளிகளில் ஊருக்கே மீன் வறுப்பது எங்கள் சர்ச் வழக்கம்; அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சர்ச் சமையலறையில் மீனுக்கு மாவு பிரட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள கோழி பூந்த மாதிரி இருக்குடி" என்றாள் என்னிடம்.

ஆஸ்பத்திரியில், இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்றார்கள். மில்வாக்கியிலிருந்து மகன் ஜெரால்ட் ஓடி வந்தான்.

"இனிமே நீ தனியா இருக்க வேணாம்மா. வீட்ட வித்துடலாம். வாங்கறதுக்குப் பாக்க ஆள்கூட வராங்க."

"வீடு நல்லாத்தாண்டா இருக்கு. பழுதானது நான். என்னைய வித்துடு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மருந்து அளவுக்கு மேல் இருந்தது. மாத்திரை கூடுதலாகப் போட்டீர்களா, புதிதாக எதுவும் சாப்பிட்டீர்களா என்று டாக்டரம்மா கேட்டாள்.

"புதுசா எதுவும் சாப்பிடல. காப்பிய விட்டிருக்கேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூடவே குடித்த காப்பி மருந்தை முழுதாக உடம்பில் சேரவிடாமல் தடுத்திருக்கிறது. அது தெரியாமல் வருடா வருடம் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். இப்போது காப்பி இல்லை. அத்தனை மருந்தும் உள்ளே போயிற்று. இந்த வயதில் அது இதயத்தைத்தான் முதலில் ஆட்டும் என்றாள்.

"அப்போ தவம் இருந்து வாங்கின வியாதியா இது?"

"மாத்திரைய மட்டும் தண்ணியோட முழுங்குங்க. காப்பி ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கலாம்."

"தண்ணி மாட்டுக்குத்தான் காட்டுவோம்" என்று முனகினாள் அத்தை. ஜெரால்டுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

மருந்தின் அளவைக் குறைத்தார்கள். இதயத்துக்கும் சில மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. வீடு பார்க்க வருவதாக இருந்தவர்களை வரவேண்டாம் என்று ஜெரால்டே சொல்லிவிட்டான். ஊருக்குக் கிளம்பும் முன், மாடியிலிருந்த கட்டிலைப் பிரித்துக் கீழே இறக்கித் தெருப்பக்க ஜன்னலோரம் போட்டான். மெத்தையை இழுத்துக்கொண்டு வருகிறானே என்று அத்தை அவனைத் திட்டித் தீர்த்தாள்.

அதற்கப்புறம் ஆறு வருடம் அந்த ஜன்னலைத் திறந்துதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.